ஒரு பிடி பஞ்சு

பொய் ஒன்றும் சொல்லவில்லையே நான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதானே? நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆளாவது, "இதை எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது நானாகப் போய்ச் சொன்னால், இத்தனை நாள் மடியில் கட்டி மறைத்து வைத்திருந்ததாக அல்லவா ஆகும்.

மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த பஞ்சைக் கையால் கிளறிக்கொண்டே மெத்தைக்காரம்மா தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தாள். வாதியும் அவளே, பிரதிவாதியும் அவளே. தீர்ப்புச் சொல்லத்தான் ஆள் இல்லை. பஞ்சு பறக்காமலிருக்கப் பழைய கொசுவலையை மேலே விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தாள். காற்று வலைக்கு அடியில் புகுந்து உப்பி, மறுபடி தணிந்தது. மேற்கே ஓரமாகக் கறுத்திருந்தது. மத்தியானத்துக்குள் மழை வரும். பத்து மணிக்குத் தலைநகரிலிருந்து பதிவுக்காரப் பெண் வருவாள். இரண்டில் எது முந்துமோ.

வருகிறவள் மக்கள் மாளிகையில் வழக்கங்களைப் பதிவு செய்கிற வேலை பார்ப்பவள். நாட்டில் இருக்கிற ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் ஓர் அறை என்று தலைநகரில் கட்டி வைத்திருக்கிறார்கள். இருபத்தேழு அறைகள். ஒவ்வொன்றிலும் அந்தந்த மக்களின் உடுப்பைப் போட்ட இரண்டு பொம்மைகள், ஓர் அடுப்பு, ஒரு தொட்டில், கல்யாணத்தில் இவர்கள் என்ன செய்வார்கள், சாவில் என்ன செய்வார்கள் என்று எழுதிய பலகை. அவள் புருஷன் வீட்டாரான கரையாருக்கு மட்டும் அறை இல்லை. "உங்களுக்குன்னு தனியா என்ன இருக்கு?" என்று கேட்டு ஒவ்வொரு தடவையும் மனுவைத் திருப்பிவிட்டார்கள். உண்மையிலேயே ஒன்றும் இல்லைதான். ஆற்றங்கரையை விட்டு இந்த நகரத்துக்கு வந்து ஐம்பத்தைந்து வருஷமான ஜனங்கள். அக்கம்பக்கத்தார் உடுத்தியதை உடுத்தி, அவர்கள் பாடியதைப் பாடி, எள்ளும் பச்சரிசியும் போலக் கலந்துவிட்டார்கள்.

கடைசியில் அவள் மகன்தான் எழுதிப்போட்டான். எங்களிடம் தலையணைப் பஞ்சு இருக்கிறது என்று.

கரையார் வீட்டில் ஒருவர் இறந்துபோனால், ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்புவதற்குள், இறந்தவர் தலைவைத்துப் படுத்த தலையணையைப் பெண்கள் பிரிப்பார்கள். உள்ளே இருக்கும் பஞ்சை வீட்டுக்கு ஒரு பிடியாகக் கொடுப்பார்கள். வாங்கிப்போகிறவர்கள் தங்கள் தலையணையின் ஓரத்தில் நாலு தையலைப் பிரித்து, அந்தப் பிடியை உள்ளே தள்ளி, மறுபடி தைத்துவிடுவார்கள். அவ்வளவுதான். பாட்டு இல்லை, மந்திரம் இல்லை. மாளிகையிலிருந்து எட்டே நாளில் பதில் வந்தது. இது போன்ற ஒன்றை இதுவரை பதிவு செய்ததில்லை, வேறெந்த மக்களிடமும் இல்லாத இவ்வழக்கத்துக்காகவே இருபத்தெட்டாவது அறையைப் பரிசீலிக்கலாம் என்று. கரையார் சங்கத்தில் அன்றைக்கு எல்லாருக்கும் டீ, பன்.

மெத்தைக்காரம்மாவுக்குத்தான் அந்தப் பன் தொண்டையில் இறங்கவில்லை. ஏனென்றால் அந்த வழக்கத்தைக் கரையாரிடம் கொண்டுவந்து விட்டதே அவள்தான். அதுவும் ஆசைப்பட்டு அல்ல, அறியாமல் செய்த தப்பினால்.

அவள் பிறந்தது மேட்டார் என்ற வேறு மக்களின் வீட்டில். மெத்தை தைக்க ஊர் ஊராக வந்த கரையார் பையனோடு பத்தொன்பது வயதில் புறப்பட்டு வந்தாள். வந்த நாலாம் மாதம் மாமனாரின் அக்கா, வீட்டுக்கே பெரியவள், இறந்துபோனாள். வீடு முழுக்க அழுகை. மாமியார் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு, "அந்தத் தலையணைக்கு ஆகவேண்டியதைப் பாரும்மா" என்று மட்டும் சொன்னாள். புது மருமகளுக்குத் தெரிந்ததெல்லாம் பிறந்த வீட்டில் பார்த்தது. ஊசியால் ஓரத்தைப் பிரித்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஒவ்வொரு பிடியாக நீட்டினாள். முதல் பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு கையை நீட்டினாள். அடுத்தவள் அவளைப் பார்த்து நீட்டினாள். பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்துச் சாப்பிடுவது போல எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அரிசி களைந்துகொண்டே மாமியார் சொன்னாள்: "எங்க ஆளுங்க தலையணையை ஆத்துல விடுவாங்க."

"ஐயோ அத்தை, எனக்குத் தெரியாதே. எங்க வீட்ல..."

"தெரியுது. உங்க வீட்டு வழக்கம்." மாமியார் களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "இங்க ஆறு எங்க இருக்கு? வந்த நாள்ல இருந்து சாக்கடையிலதான் விட்டுக்கிட்டிருக்கோம். என் மாமனார் தலையணையை யாரும் பார்க்காதப்போ குப்பைத்தொட்டியில போட்டுட்டு வந்தேன். இன்னிக்கும் அந்தத் தொட்டி இருக்கற தெரு வழியா நான் போறதில்ல." அரிசியை உலையில் போட்ட பிறகு, "இருக்கட்டும். நீயும் சொல்லிக்க வேணாம், நானும் சொல்லிக்கலை" என்றாள்.

அடுத்த சாவுக்குப் பெண்கள் பஞ்சு வாங்க ஆளுக்கொரு துணியோடு வந்துவிட்டார்கள். அதற்கடுத்ததில் அது வழக்கம். அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளுக்கு அது முன்னோர் செய்தது.

கொசுவலையை எடுத்துவிட்டுப் பஞ்சை மூட்டை கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.

கடையில் அவள் புருஷன் ஒரு விடுதிக்குப் போகவேண்டிய மெத்தைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். கோணி ஊசியைத் தலைமுடியில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார், அந்த எண்ணெய்ப் பசையில் ஊசி நாலு தையலுக்குச் சறுக்கிக்கொண்டு போகும். பிறகு மறுபடி தலைக்கு. முடி கொட்டி வழுக்கை விழுந்த பிறகும் கை அந்த வழக்கத்தை விடவில்லை.

"பல்லு டாக்டர் வந்துட்டுப் போனாரு" என்றார்.

பல் டாக்டர்தான் கரையார் சங்கத் தலைவர். எந்த விஷயத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டுத்தான் விடுவார்.

"பத்து மணிக்குத்தானே வரச் சொன்னாங்க?"

"ஒத்திகையாம். படத்துல பிரிச்சுக் காட்ட ஒரு தலையணை வேணுமாம். புதுசு வேணாம், மனுஷன் படுத்த மாதிரி இருக்கணுமாம். என் தலையணையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடுத்துக்குங்க டாக்டர், நானும் ஒரு நாளைக்குச் செத்துக்கறேன், சாயங்காலம் தைச்சுக் கொடுத்துட்டீங்கன்னா எழுந்துக்கறேன்னேன்."

"வாயைக் கழுவுங்க."

"சாகப்போறது நான். நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

அவள் மூட்டையை அவிழ்த்தாள். வெயில் குடித்த பஞ்சு சூடாக இருந்தது. கொட்டை பொறுக்க உட்கார்ந்தாள். அந்தக் காலத்தில் வெயில் மாதம் வந்தால் இந்தத் தெரு முழுக்க வெள்ளையாக இருக்கும். வீட்டுக்கு வீடு மெத்தை பிரித்து அடிப்பார்கள். பிள்ளைகள் பஞ்சுக் குவியலில் குதித்துக் காதிலும் மூக்கிலும் பஞ்சோடு எழுந்து வரும். கொண்டுவந்து போடுகிற மெத்தையைப் பிரித்தாலே எந்த மக்களுடையது என்று அவள் சொல்லிவிடுவாள். ஒருவர் பஞ்சோடு காய்ந்த இலையைச் சேர்த்திருப்பார், வாசனைக்கு. ஒருவர் நாலு மூலைக்கும் சிவப்பு நூல்தான் வேண்டும் என்பார். உப்பு விற்கிறவர்கள் வீட்டில் புதுமணத் தம்பதியின் மெத்தையை ஒற்றை ஆள் அடைக்கக் கூடாது. அவளும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பக்கமிருந்தும் அடைத்து நடுவில் வந்து சேர்வார்கள். அவள் மருமகளே உப்புக்காரர் வீட்டுப் பெண்தான். அவள் கல்யாண மெத்தையையும் அப்படித்தான் அடைத்தார்கள். யாருக்கு எது வேண்டுமோ அதைச் செய்துகொடுத்தார்கள். எது யாருடையது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்தத் தெருவில் இந்த ஒரு கடைதான் பஞ்சு வைத்திருக்கிறது. எதிரே இருந்த இரண்டு கடைகளிலும் பிளாஸ்டிக் சுற்றிய ரெடிமேட் மெத்தைகள் வரிசையாக நிற்கின்றன.

மகன் இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே வந்தான். குடிநீர் வாரியத்தில் எழுத்தர் வேலை. இன்றைக்கு விடுப்பு. கையில் ஒரு காகிதம்.

"அம்மா, ஒரு தடவை பார்த்துடலாமா? அவங்க என்ன கேப்பாங்கன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு."

"கேக்கட்டும், சொல்றேன்."

"அப்படி இல்லம்மா. மொதல்ல பொறந்த இடம் கேப்பாங்க. ஆத்தங்கரைன்னு சொல்லிடு."

"நான் பொறந்தது மேட்டுல."

"எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு எதுக்கு? செய்யறவங்க அந்த மக்கள்ல பொறந்தவங்களா இருக்கணும்னு விதி. ஒரு வார்த்தைதானே. யார் போய்த் தோண்டிப் பார்க்கப்போறாங்க?"

உள்ளேயிருந்து மருமகள் டீத் தம்ளர்களோடு வந்தாள். "எங்க உப்புக்காரங்க அறையைப் பார்த்திருக்கீங்களா அத்தை? அந்தப் பொம்பளை பொம்மைக்கு மூக்கே இல்லை. எட்டு வருஷமா யாரும் ஒட்டலை. இவரு என்னமோ அறை கிடைச்சா சொர்க்கம் கிடைச்ச மாதிரி குதிக்கறாரு."

"மூக்கு இல்லாத பொம்மையாவது இருக்கு இல்ல உங்களுக்கு" என்றான் அவன்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் குரலில் வேடிக்கை இல்லை. மெத்தைக்காரம்மாவுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் அவனை மக்கள் மாளிகைக்குக் கூட்டிப்போனார்கள். ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் அறை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் ஓடின. இவன் மூன்று மாடியும் ஏறி இறங்கி ஒவ்வொரு கதவாகப் பார்த்துவிட்டு, மாடிப்படியில் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தான். வந்தவன் கேட்ட கேள்வி அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நாம யாருமே இல்லையாம்மா?" அன்றைக்கு அவனுக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. ஏதோ தின்னக் கொடுத்திருப்பாள்.

அதனால்தான் இத்தனை நாள் அவளால் சொல்ல முடியவில்லை. இனிமேலும் மென்று முழுங்க முடியாது என்று தோன்றியது.

"உக்காரு" என்றாள். "ஒண்ணு சொல்லணும்."

கொட்டை பொறுக்கிக்கொண்டே சொன்னாள். பெரியவள் செத்தது, வாசலில் பெண்கள் இருந்தது, மறுநாள் மாமியார் அரிசி களைந்தது. ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மருமகள் தம்ளரைக் கையில் வைத்தபடியே நின்றாள். மகன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். முடித்ததும் நிமிர்ந்து கேட்டான்.

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"உன் பாட்டிக்குத் தெரியும்."

"பாட்டி போயாச்சு."

"ம்."

"அப்ப சரி" என்றான்.

அந்த 'அப்ப சரி' அவளுக்குச் சுருக்கென்றது.

"எனக்கும் தெரியும்" என்றார் புருஷன், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எங்க அம்மாவழித் தாத்தா தலையணையை ஆத்துல விட்டதே நான்தானே. எட்டு வயசு எனக்கு. அது மூழ்காம கொஞ்ச தூரம் மிதந்து போச்சு, நான் கரையோட கூடவே ஓடினேன். அப்புறம் இந்தப் பக்கம் வந்தப்புறம் திடீர்னு எல்லாரும் பஞ்சு கொடுக்கறாங்கன்னா, அது எங்கேர்ந்து வந்திருக்கும்? எங்க வீட்டுக்குப் புதுசா வந்தது நீ ஒருத்திதான்."

"நாப்பது வருஷமா தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அவள். "ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீ கொடுத்தே, அவங்க வாங்கிக்கிட்டாங்க. நடுவுல நான் யாரு?" ஊசியைத் தலையில் தேய்த்தார். "என் வயசுக்காரங்க இன்னும் ரெண்டு மூணு பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எவன் வாயைத் தொறப்பான்? தொறந்தா மறுபடி குப்பைத்தொட்டிக்குல்ல போகணும்."

மகன் எழுந்துவிட்டான். "சரி. இருக்கட்டும். தப்பாவே வந்திருக்கட்டும். நாப்பத்தொரு வருஷமா நாங்க செய்யறோம். நான் பொறந்ததுலேர்ந்து பார்க்கறேன். பாட்டி பஞ்சு என் தலையணையில இருக்கு. நாப்பது வருஷம் செஞ்சா அது நம்மளோடது இல்லையா? இன்னும் எத்தனை வருஷம் செய்யணும், சொல்லு."

"நம்மளோடதுதான்" என்றாள் அவள். "யாரு இல்லேன்னா?"

"அப்புறம் என்ன?"

"நம்மளோடது மட்டும்னு எழுதறாங்களே."

"மேட்டார் இப்ப இதைச் செய்யறாங்களா? அவங்க எல்லாரும் ரப்பர் மெத்தைக்கு மாறியாச்சு. ரப்பர்ல எந்தப் பிடியை எடுத்துக் கொடுப்பாங்க? அவங்க அறையில இதைப் பத்தி ஒரு வரி இருக்கா? போய்ப் பார்த்தியே நீ."

பார்த்தாள்தான். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அவரோடு போனபோது மேட்டார் அறை வாசலில் நின்றாள். இரண்டு பொம்மைகள், ஒரு மண்பானை. பொம்பளை பொம்மைக்குத் தலைத்துணியை இடது பக்கம் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அம்மா வலது பக்கம்தான் போடுவாள். தலையணை பற்றி ஒரு வரியும் இல்லை. எழுத வந்தவர்கள் சாவு விழாத மாதத்தில் வந்திருப்பார்கள்.

"அவங்களுக்குத்தான் அறை இருக்கே" என்றான் மகன் இன்னும் தணிந்த குரலில். "ஒருத்தருக்கும் நஷ்டமில்லம்மா இதுல."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பதிவுக்காரப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது. கேமராக்காரர் இன்னும் களைத்திருந்தார். பின்னாலேயே பல் டாக்டர், புதுச் செருப்பில். கடைக்குள் கால் வைத்ததும் அந்தப் பெண் தும்ம ஆரம்பித்தாள். எட்டுத் தும்மல். "பஞ்சு ஒத்துக்காதுங்க எனக்கு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தப் பதிவைக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்ததே நான்தான்."

மருமகள் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். "மூக்கைப் பத்திரமா பார்த்துக்குங்க. உங்க மாளிகையில ஏற்கெனவே ஒண்ணு குறையுது" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள். அவள் சிரித்ததும் மெத்தைக்காரம்மாவுக்கு மனசு இன்னும் சங்கடப்பட்டது. வருகிறவள் கடுகடுவென்று இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் பாய் விரித்தார்கள். புருஷன் தன் தலையணையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். "பார்த்துப் பிரி. கழுத்து வலி வரும் எனக்கு" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். பிறந்த இடத்தைக் கேட்டபோது, "மெத்தைக்கடைக்குத்தான் வந்தீங்க, கடையைப் பத்திக் கேளுங்கம்மா" என்றாள். அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. பல் டாக்டர் மகனைப் பார்த்தார். மகன் வானத்தைப் பார்த்தான். கறுப்பு பாதி வானம் ஏறியிருந்தது.

"சும்மா எப்பவும் செய்யற மாதிரி செய்யுங்கம்மா. நான் இருக்கேன்னே நினைக்காதீங்க."

ஊசி முனையால் ஓரத்தைப் பிரித்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் தலை அழுத்திய பஞ்சு கட்டிப்பட்டுத் தட்டையாக வந்தது. விரலால் பிய்த்துப் பிய்த்து உதறினாள். நடுவில் நிறம் மாறிய பிடிகள் தென்பட்டன. அவருடைய அப்பா. அவருடைய பெரியத்தை. தெருமுனையில் கடை வைத்திருந்த சைக்கிள்காரர். மாமியார். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எது எவருடையது என்று அவளாலேயே இப்போது சொல்ல முடியாது.

கை அது பாட்டுக்கு வேலை செய்தது. மனசு வேறெங்கோ போயிருந்தது.

கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம். இதே கடை. ஒரு பஸ் கண்டக்டர் வந்து நின்றார். கையில் பேப்பரில் சுற்றிய சின்னப் பொட்டலம். "மேட்டு நிறுத்தத்துல ஒரு ஆளு கொடுத்தாரு. மெத்தைக்கடைன்னாரு. பேரு சொல்லலை" என்றார். பிரித்தாள். பழுப்பேறிய பஞ்சு, ஒரு பிடி. அதில் இரண்டு கொட்டை. அவள் அம்மாவுக்குக் கொட்டை பொறுக்கப் பொறுமை கிடையாது. "ரெண்டு கொட்டை இருந்தா என்ன, தலையைக் குத்தியா கொன்னுடும்?" என்பாள். அம்மா போய்விட்டாள் என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவும் எட்டு நாள் கழித்து.

அவள் புறப்பட்டு வந்த அன்று அவள் அண்ணன் வாசலை மறித்து, "எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்று சொன்னவன். ஒன்பது வருஷமாக அந்த வீட்டிலிருந்து நல்லதுக்கும் ஆள் வரவில்லை, கெட்டதுக்கும் வரவில்லை. அந்த வீட்டில் அம்மாவின் தலையணையை யாரோ பிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பிடி என்று கொடுத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டு, இந்த வீட்டுக்கும் ஒரு பிடி உண்டு என்று எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார்கள். அது அண்ணனா, அண்ணியா? அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் தன் தலையணையை எடுத்து ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரு?" என்றாள். "அம்மா" என்றாள் இவள். கண் மறைத்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மாமியார் ஊசியை வாங்கி, நூலை வாயில் வைத்து நனைத்து, கோத்துக் கொடுத்தாள். தையல் முடிகிற வரைக்கும் தலையணையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றாள் பதிவுக்காரப் பெண். கேமராக்காரர் கேமராவைத் துணியால் மூடினார். முற்றத்தில் முதல் சொட்டு விழுந்தது. எல்லாரும் பஞ்சையும் பாயையும் அள்ளிக்கொண்டு கடைக்குள் ஓடினார்கள். பல் டாக்டர் தன் புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் பேச்சே கேட்காத சத்தம். விடுதிக்குப் போகவேண்டிய மெத்தைமேல் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மருமகள் வேகவைத்த கிழங்கை உரித்துத் தட்டில் வைத்தாள். பதிவுக்காரப் பெண் பசியோடு சாப்பிட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"இது ஒண்ணுதான் பாக்கி. படிச்சுக் காட்டறேன். 'மேற்சொன்ன வழக்கம் கரையார் மக்களிடம் உள்ளது என்றும், நான் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன் என்றும், இது வேறெந்த மக்களிடமும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன்.' கீழே ஒரு கையெழுத்து. அறை ஒதுக்கற கமிட்டி இதைத்தான் மொதல்ல பார்ப்பாங்க."

பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளை மடியில் வைத்துத் தானும் ஒருமுறை படித்தாள். படிக்கத் தெரியும் அவளுக்கு, மெதுவாக.

"கடைசி வரியை எடுத்துட முடியுமாம்மா?"

"எது, 'வேறெந்த மக்களிடமும்'... அதுவா?" அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள். "அது இல்லேன்னா அறை கிடைக்காதே. தனியா இருக்கற வழக்கத்துக்குத்தான் அறை. வேற யார்கிட்டயாவது இது இருக்கா என்ன?"

மகன் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான்.

மேட்டாரிடம் இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பெண் குறித்துக்கொள்வாள். அங்கே அந்த அறைப் பலகையில் ஒரு வரி ஏறும், இது மேட்டாருடையது, வேறெந்த மக்களிடமும் இல்லை என்று. அப்போது அன்றைக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்த மாமியார் எங்கே போவாள்?

"அது எனக்குச் சொல்லத் தெரியலை" என்றாள். "எங்ககிட்ட இருக்குன்னு எழுதுங்க, எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடறேன். நான் செய்யறேன்னு எழுதுங்க, போடறேன். வேற யார்கிட்டயும் இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க."

"அக்கா" என்றார் பல் டாக்டர், மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "இருபது வருஷமா மனு போட்டிருக்கோம். இது வெறும் சம்பிரதாயமான வரி. கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க. பல்லைப் புடுங்கற மாதிரிதான், ஒரு நிமிஷம், அப்புறம் ஒண்ணுமே இருக்காது."

"வலிக்கற பல்லாயிருந்தா புடுங்கலாம் டாக்டர்" என்றார் புருஷன் மூலையிலிருந்து. ஒருவரும் சிரிக்கவில்லை.

பதிவுக்காரப் பெண் தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் சாயங்காலம் வரைக்கும் இந்த ஊர்ல இருப்பேன்மா. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். நல்ல பெண். குரலில் ஏமாற்றம் தெரிந்தது, கோபம் தெரியவில்லை.

"யோசிக்க ஒண்ணுமில்லம்மா" என்று மெத்தைக்காரம்மா பேனாவை மூடி, தாள்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தாள்.

மகன் முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது அவனுக்கு. அது எப்போது நரைத்தது என்று அவள் கவனித்ததில்லை. அவன் வாதாடவில்லை. காலையில் கேட்ட கேள்வி எதையும் மறுபடி கேட்கவில்லை. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்துப் பழகியவள். கையை நீட்டி அவன் காதில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தாள். இன்னொரு துணுக்கை எடுத்தாள். மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

"இல்லப்பா" என்றாள்.